எது

பலகையைப் பார்த்தபடி சொன்னேன்:
"இது இங்கிருந்து கிளம்பி, இப்படி வளைந்து,
அதோ, அங்கே போய்ச் சேரும்."
மூன்றாம் வரிசையில் தெக்லே கை உயர்த்தினாள்.
"இது என்றால் எது, ஐயா?"

வகுப்பு சிரித்தது.
எனக்குக் கோபம்தான் வந்தது.
இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குட்டாயிசியில்
நீரியக்கவியல் நடத்துகிறேன்.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு ஓடுகிறது.
ஒருவரும் என்னை எது என்று கேட்டதில்லை.

செப்டம்பரிலேயே கடிதம் வந்திருந்தது.
படிக்காமல் கையெழுத்திட்டு
இழுப்பறையில் போட்டிருந்தேன்,
ஈரக் குடைக்கு அடியில்.
"பார்வையற்ற மாணவி. தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரம்.
குறிப்புகளை முன்கூட்டியே தரவும்."
மை கலைந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது,
என்னால்.

மறுநாள் பாடத்தைக் கைபேசியில் பதிந்தேன்.
வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
ஐம்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு சுட்டுகள்:
இது, அது, இங்கே, அப்படி, அதோ.
பாடம் நடத்தியது என் விரல்.
வாய் பக்கத்தில் நின்று முனகியிருக்கிறது.
இருட்டில் என் பாடம் எனக்கே விளங்கவில்லை.

பிறகு என் அசட்டுத்தனங்கள்.
உரக்கப் பேசினேன், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.
"எனக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்றாள்.
தேர்வில் ஒரு கேள்வியைக் குறைக்கட்டுமா என்றேன்.
"எதை? கடினமானதையா? அது இருக்கட்டும்.
படம் வரையச் சொல்லும் கேள்விக்கு
வேறு வழி யோசியுங்கள்."
அதற்குள் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

"ஒருத்திக்காக அறுபது பேரை
நொண்டவைக்கிறாய்" என்றார் குராம், பக்கத்து அறைக்காரர்.
அந்தச் சொல்லை அவர் கவனிக்கவில்லை.
நானும் அன்று கவனிக்கவில்லை.

கார்க் பலகை. குண்டூசிகள்.
எத்தேரி பாதி பின்னி வைத்திருந்த
சட்டையின் சிவப்பு நூல்.
நெடுக்கே ஆழம், குறுக்கே வேகம்.
சமையலறை மேசையில் நள்ளிரவு வரை
ஓர் ஆற்றைக் குத்திக்கொண்டிருந்தேன்.
"கை இல்லாத சட்டையை யார் போடுவது?"
என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள்.

தெக்லேயின் விரல் அடியிலிருந்து தொடங்கியது.
நின்றது. திரும்பப் போனது.
"படுகையை ஒட்டிய நீர் நகராது என்று
போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்?
உங்கள் நூல் அங்கேயே
ஒரு விரற்கடை ஓடிவிட்டதே."

கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.
சுண்ணக்கோட்டிலும் அதே விரற்கடை.
இருபத்திரண்டு ஆண்டுகள்.
பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டவர்கள் எத்தனை நூறு பேர்.
அவர்களில் சிலர் பாலம் கட்டுகிறார்கள்.

ஊசியைப் பிடுங்கி
அவளே மாற்றிக் குத்தினாள்.

இப்போது வாயால் வரைகிறேன்:
"நெடுக்கோட்டின் அடிமுனை. அங்கே வேகம் சுழியம்.
மேலே ஏற ஏற வலப்பக்கம் சாய்கிறது,
முதலில் அவசரமாக, பிறகு சோம்பலாக."
ஆண்டு முழுக்கத் தூங்கிய மமுகா
கடைசி வரிசையில் நோட்டைத் திறந்தான்.
தெக்லே வாங்கியது எழுபத்தொன்று.
இரண்டு மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்டாள்.
ஒன்று கொடுத்தேன். மற்றது அவள் தவறுதான்.

இந்தப் பருவத்தில் புது வகுப்பு.
இழுப்பறையில் கடிதம் எதுவும் இல்லை.
ஆனாலும் முதல் நாள் கேட்டேன்:
"என் பாடத்தில் உங்களுக்கு எட்டாமல் போவது எது?
எல்லார் முன்னும் வேண்டாம். மாடிப்படியில் சொல்லலாம்."

மூன்று வாரம் யாரும் வரவில்லை.
நேற்று ஒரு பையன்,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு,
என் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்து:
"நன்றாகத்தான் சொல்லித்தருகிறீர்கள்,
பலகைப் பக்கம் திரும்பும் வரை."